எட்டாம் நம்பர் இல்லாத மில்

போன வியாழக்கிழமை காலை ஏழு மணி. செஞ்சியில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. திண்டிவனம் ரோட்டில் ஒரு ரைஸ் மில். நெல் காய வைக்கும் மெஷின் முன்னால் லேப்டாப்பும் கையுமாக என் மனைவி ஸ்டெல்லா. பக்கத்தில், குடை பிடிக்கும் உத்தியோகத்தில் நான்.

சென்னை கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சொந்தமாகத் தொழில் பண்ணுகிறேன் என்று ஊருக்கு வந்தவள். ஆறு மாதத்தில் கிடைத்த ஒரே ஆர்டர் இது. பத்து மணிக்கு முதலாளி வருவார். மெஷின் சரியாக ஓடினால் அவருடைய இன்னொரு மில்லின் வேலையும் கிடைக்கும். ஓடாவிட்டால், திங்கட்கிழமை பழைய கம்பெனிக்கே திரும்ப வேண்டியதுதான். அவள் போய்விட்டால் வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவது?

வேலை இதுதான்: நெல் காய்ந்ததா என்று மெஷினே சொல்லும்படி புரோகிராம் எழுதுவது. மெஷினுக்குள் ஈரம் பார்க்கும் சென்சார்கள் எட்டு. ஒவ்வொன்றும் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோதான் சொல்லும் — நம்மைப் போலவே. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு திருத்த எண் உண்டு.

ஸ்டெல்லா எழுதும் கம்ப்யூட்டர் மொழி ரொம்பக் கறார். ஒரு வரிசையில் எத்தனை இடம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எட்டு என்றால் எட்டுதான். 'மேப்' என்றால் எட்டுக்கும் ஒரே வேலையைச் செய்து எட்டாகவே திருப்பித் தரும். 'ஜிப்' என்றால் இந்த எட்டையும் அந்த எட்டையும் ஜோடி சேர்க்கும். 'ஃபோல்டு' என்றால் எட்டையும் திரட்டி ஒரே பதிலாகக் கொடுக்கும். நெல் காய்ந்ததா, இல்லையா?

அன்றைக்கு ஜிப்பிலேயே வண்டி நின்றுவிட்டது. ஒரு பக்கம் சென்சார் எட்டு, மறுபக்கம் திருத்த எண் ஒன்பது, ஜோடி சேர்க்க மாட்டேன் என்று ஸ்கிரீனில் சிவப்பு எழுத்து.

"வேற மொழியா இருந்தா?" என்றேன்.

"சில மொழிங்க கடைசி ஒண்ணைச் சத்தமில்லாம விட்டுட்டு ஓடியிருக்கும். இது ஓடாது" என்றாள்.

மேஸ்திரி பாவாடை அண்ணனைக் கூப்பிட்டோம். நெல்லைக் கடித்தே ஈரம் சொல்பவர். திருத்த எண்களை எழுதித் தந்தவரும் அவர்தான்.

"அண்ணே, சென்சார் மொத்தம் எத்தினி?"

"எட்டும்மா. நான்தானே மாட்டுனேன்."

"சீட்டுல ஒம்போது வரைக்கும் இருக்குதே? எட்டாவதை மறந்துட்டீங்கன்னு நான் அங்க சைபர் போட்டு வச்சிருக்கேன்."

"இன்னாம்மா நீ... இந்த மில்லுல எட்டுன்னு எதுக்கும் நம்பர் போடறதில்ல. குடோனுகூட ஏழுக்கு அப்புறம் ஒம்போதுதான். மழ நாள்ல நெல்ல வச்சிக்கினு ராசியில்லாத நம்பர எழுதச் சொல்றியா?"

மூடநம்பிக்கை என்று சொல்ல வாயெடுத்தேன். கூட்டுத்தொகை எட்டு வருகிறதே என்று என் ஸ்கூட்டருக்கு வேறு நம்பர் கேட்டு நான் ஒரு மாதம் அலைந்தது ஞாபகம் வந்தது. குடையை நேராகப் பிடித்தேன்.

ஸ்டெல்லா சிரித்தபடியே சைபரை அழித்தாள். ஒன்பதின் எண் எட்டாவது இடத்துக்கு வந்தது. அந்தச் சென்சார் மெஷினின் அடியில் இருப்பது, ஈரத்தை ரொம்பக் குறைத்துச் சொல்வது. வேறு மொழி கடைசி எண்ணை விட்டுவிட்டு அந்தச் சைபரோடு ஓடியிருந்தால், மெஷின் ஈர நெல்லைக் காய்ந்துவிட்டது என்றிருக்கும். மூட்டை கட்டிய சில நாளில் பூசணம். யாரோ ஒரு விவசாயி மழைக்குப் பயந்து அவசரமாக அறுத்த நெல் அது.

பத்து மணிக்கு முதலாளி வந்தார். மெஷின் ஓடியது. சூடாக விழுந்த நெல்லில் ஒன்றை எடுத்து பாவாடை அண்ணன் கடித்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தோம்.

"கரெக்டா இருக்குது."

முதலாளி கேட்டார்: "அந்த மில்லுல பன்னெண்டு சென்சாரும்மா. மொதல்லேருந்து எழுதணுமா?"

"வேணாம் சார். எத்தினின்னு சொன்னா போதும். அதே மேப், அதே ஜிப்."

"அப்ப ஆரம்பிச்சுடு" என்றார். எனக்கு மழையில் இறங்கி ஆட வேண்டும் போலிருந்தது. மானம் கருதி, குடையை மட்டும் மடக்கினேன்.

கிளம்பும்போது பாவாடை அண்ணன் தலையைச் சொறிந்தார். ஸ்கிரீனில் எட்டு என்று தெரிகிறதே? ஸ்டெல்லா மறுபடி லேப்டாப்பைத் திறந்தாள். இன்னொரு மேப். உள்ளே எட்டாவது இடம். வெளியே ஸ்கிரீனில் பெயர் ஒன்பது.

எட்டே கூடாது என்கிற மனிதரையும், எட்டைத் தவிர எதையும் ஏற்காத மொழியையும் ஒரே காலையில் சமாதானப்படுத்திவிட்டாள். இவளிடமா நான் பத்து வருஷமாக வாதாடி ஜெயிக்கப் பார்க்கிறேன்?