எந்த ஆர்.சி.?

இரண்டே எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனை இப்படி அலைக்கழிப்பார்களா? இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அப்போது நான் ஏழாவது படித்தேன். அதற்கு மேல் படிக்கவில்லை. அப்பா மீனுக்குப் போகிற எங்கள் டோங்கியை, காகிதம் சரியில்லை என்று படகுத்துறை ஜெட்டியில் கட்டிப் போட்டுவிட்டார்கள். அந்தச் சின்னப் படகு போகாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. போர்ட் பிளேர் ஆபீஸில் ஆர்.சி. காட்டினால் விடுவார்களாம். எங்கள் தீவான லாங் ஐலண்டிலிருந்து இரண்டு தடவை கப்பலேறிப் போய், வெறுங்கையோடு திரும்பினார் அப்பா. மூன்றாம் தடவை, ஆபீஸ் இந்தி தனக்கு வராது என்று என்னையும் கூட்டிப்போனார்.

எந்த ஆர்.சி. என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்களுக்கு ஆர்.சி. என்றால் மாதா கோயில். மாமாவுக்கு அது ஸ்கூட்டர் புத்தகம். கடைக்காரருக்கு ரேஷன் கார்டு. கொத்தனார் சித்தப்பாவுக்கோ கம்பி கட்டிப் போடுகிற கூரை. கூரையைத் தவிர மற்றதையெல்லாம் அப்பா ஒரு பிளாஸ்டிக் பையில் எடுத்து வந்திருந்தார். டோங்கியின் பதிவுத்தாள், பங்குச் சாமியார் கடிதம்கூட இருந்தது.

கவுண்டர்காரர் ஒவ்வொன்றாகத் தள்ளினார், பதிவுத்தாளையும் சேர்த்து. "யே நஹீ. ஆர்.சி. லாவோ, ஆர்.சி.!" இது இல்லையாம், ஆர்.சி. கொண்டுவரணுமாம்.

 அந்த இரண்டு எழுத்துக்கு விரிவு என்ன என்று நான் கேட்டுவிட்டேன். "அங்கிள், ஆர்.சி. கா ஃபுல் ஃபார்ம் க்யா ஹை?"

அவர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். வரிசையில் நின்ற வங்காளிக்காரர் ஒருவர், "போலியே சாஹப், போலியே!" என்று, அவரையே சொல்லச் சொல்லிச் சிரித்தார்.

"லிஸ்ட் மே லிக்கா ஹை, பஸ்!" லிஸ்டில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான் என்று சீறினார் கவுண்டர்காரர்.

அப்பா என் தலையில் ஓங்கிக் குட்டினார். "வாய மூடுட்டீ!" பிறகு அந்த ஆளைப் பார்த்துக் கைகூப்பி, "சோட்டா பச்சா, சார். மாஃப் கரோ" என்று மன்னிப்புக் கேட்டார்.

கேட்டது நான், தெரியாதது அவர்களுக்கு, குட்டு எனக்கு! சாப்பாட்டு நேரம் முடியும்வரை அப்பா கூப்பிய கையோடு நின்றார். பிறகு அந்த ஆள், காலையில் தள்ளிய அதே பதிவுத்தாளை இழுத்து முத்திரை குத்தினார்.

திரும்புகிற கப்பலில் நான் அப்பாவை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். போர்ட் பிளேர் ஜெட்டி மறைந்த பிறகு அப்பா மெதுவாகக் கேட்டார்: "அவனுக்கும் தெரியல, இல்லியா மோளே?"

கேலி செய்கிறார் என்று நினைத்து, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன். நான் கேட்ட கேள்வியைத்தான் மூன்று பயணமாக அவர் விழுங்கிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.