பேர் சொல்லாத ஜெபம்

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் அவர் போகிற கிறிஸ்தவ சபையில் யாரிடமாவது அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். 'சும்மா மாஸ்டர்' என்றால் உடனே வழி காட்டுவார்கள். யார் எந்தக் கஷ்டத்தோடு வந்து நின்றாலும், "முதல்ல கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க" என்பதுதான் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை. சும்மா இருப்பதைப் பற்றி அவர் மணிக்கணக்கில் பேசுவார் என்பதும், வீட்டில் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை என்பதும் அவர் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிற விஷயங்கள்.

பிழைப்புக்கு அவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் லிஃப்டுகள் எல்லாம் அவர் பொறுப்பு. காலையில் வந்ததும் லிஃப்டுக்குக் கீழே இருக்கும் அடிக்குழிக்குள் இறங்கி, மேலிருந்து சொட்டிய எண்ணெயையும், ஜனங்கள் இடுக்கு வழியே தவறவிட்ட மாத்திரைப் பட்டைகளையும் சீட்டுகளையும் வழித்து எடுப்பார். பிறகு கம்பிக் கயிறுகளைத் துணியால் பிடித்துப் பார்த்து, இழை பிரிந்திருக்கிறதா என்று தடவுவார். கடைசியில் மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் ரூமுக்கு ஏறிப்போய், பிரேக்கின் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்பார். அந்த ரூமில் சூடும் இரைச்சலும் எப்போதும் இருக்கும். பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் காதில் விழாது.

குனிந்தும் வளைந்தும் வேலை பார்த்து முதுகு போனதால்தான் அவர் ஒரு தியான வகுப்பில் போய்ச் சேர்ந்தார். அதை நடத்தியவர் கோயிலுக்குப் போகிற ஒரு ஓய்வுபெற்ற தபால்காரம்மா. மூச்சைக் கவனி, வருவதைப் பிடிக்காதே, போவதைத் தடுக்காதே என்று சொல்லிக் கொடுத்தார். முதுகு வலி போனதோ இல்லையோ, மெக்கானிக்குக்கு வேறு ஒன்று நடந்தது. சிறுவயதிலிருந்து பாடமாகக் கேட்டுச் சலித்துப்போன வேத வாக்கியங்கள் அங்கே கண்மூடி உட்கார்ந்திருக்கும்போது புதிதாகத் திறந்துகொண்டன. தன்னை வெறுக்கிறவனே தன்னைக் காப்பான் என்று ஆண்டவர் சொன்னது 'நான்' என்கிற பிடியை விடச் சொல்லித்தானே? ராஜ்யம் உள்ளே இருக்கிறது என்றால் அதைத் தேடி எங்கே ஓடுவது? வனாந்தரத்தில் தனியாக இருந்து பசியோடு அவர் செய்தது தவம் இல்லாமல் வேறென்ன? அறைக்குள் போய்க் கதவை அடைத்து ஜெபி என்றாரே, அந்த அறை நெஞ்சுதான், அடைக்க வேண்டிய கதவு புலன்கள்தான். மனிதர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் வைத்தது தீய்ந்துவிட்டது.

சபையின் போதகர் நல்ல மனிதர். நாற்காலிகளை அடுக்கி வைக்கிற பின்னறையை ஞாயிறு மத்தியானங்களில் அவருக்குக் கொடுத்தார். கொஞ்சம் பேர் வந்தார்கள், வந்தவர்கள் தொடர்ந்து வந்தார்கள். அங்கே பாட்டு கிடையாது, சத்தமான ஜெபம் கிடையாது. ஒரு வசனத்தை மெக்கானிக் விளக்குவார், பிறகு எல்லோரும் கண்ணை மூடி மௌனமாக இருப்பார்கள். எனக்கு அது வேண்டும், இது வேண்டும் என்று யாரும் கேட்கக் கூடாது. அது அந்த அறையின் சட்டம்.

போதகருக்கு இதில் மட்டும் ஒரு நெருடல். "அன்னன்னைக்கு அப்பம் கேளுன்னு அவரே சொல்லிக் குடுத்திருக்காரே மாஸ்டர்?" என்றார் ஒருநாள்.

"அது ஆரம்பப் பாடம் பாஸ்டர். அங்கேயே நின்னுட்டா எப்படி?" என்றார் மெக்கானிக். அந்தப் பதிலை நினைத்து நினைத்து மெக்கானிக் ஒரு வாரம் தனக்குள் மகிழ்ந்துகொண்டார். அந்த மகிழ்ச்சியைப் பிற்பாடு அவர் நினைக்கும்போதெல்லாம் முகம் சுண்டிப்போகும்.

அந்தக் குழுவில் தையல்கார அக்கா என்று ஒருவர் இருந்தார். கணவர் போய்ச் சேர்ந்தபின் பள்ளிச் சீருடை தைத்து ஒற்றை மகனை ஆளாக்கியவர். மகன் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு மழைக்காலத்தில் அவனுக்கு நெஞ்சுச் சளி முற்றி, மெக்கானிக் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அக்கா பின்னறைக்கு வந்து, உட்காராமல் நின்றபடியே சொன்னார்:

"தம்பி, இன்னைக்கு மட்டும் எல்லாரும் சேர்ந்து அவன் பேரச் சொல்லிக் கேப்போமா? ஒரே ஒரு தடவை. மனசு கெடந்து அடிச்சுக்குது."

சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும்? மெக்கானிக் அன்று அப்படி நினைக்கவில்லை. இத்தனை நாள் பேசியதற்கு இது பரீட்சை என்று நினைத்தார். குரலை மெதுவாக்கிக்கொண்டு, "அக்கா, கேக்கறதே ஒரு பிடிதான். அவன் உங்களுக்குச் சொந்தமில்ல. உம்முடைய சித்தம்னு சொல்லிட்டு கையை விரிச்சு வைங்க. அதுக்கு மேல ஜெபம் கிடையாது" என்றார்.

அக்கா உட்கார்ந்து, மடியில் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். சொன்னதைக் கேட்கிற மனுஷி. மகன் இறக்கும்வரை அப்படியேதான் இருந்தார்.

அடக்கத்தன்று அவர் அழவில்லை. வந்தவர்கள் அதிசயப்பட்டார்கள். "எல்லாம் தம்பி சொல்லிக் குடுத்ததுதான்" என்று அக்கா சொல்லச் சொல்ல, மெக்கானிக் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிருந்தார். அதன்பிறகு பின்னறையில் கூட்டம் கூடியது.

அடுத்த மழைக்காலத்தில் மெக்கானிக்கின் மகள் படுக்கையில் விழுந்தாள். சாதாரணக் காய்ச்சல் என்று இருந்துவிட்டார்கள். அவளை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஏற்றிக்கொண்டு போன லிஃப்டுக்கு அன்று காலையில்தான் அவர் எண்ணெய் போட்டிருந்தார். டாக்டர் வெளியே வந்து, "பாக்கலாம்" என்றார். ஆஸ்பத்திரியிலேயே வருஷக்கணக்காகக் கிடப்பவருக்கு அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தெரியும்.

வராந்தாவில் உட்கார்ந்து மூச்சைக் கவனித்துப் பார்த்தார். மூச்சு இருந்தது, கவனம் இல்லை. கைகளை விரித்து மடியில் வைத்தார், அவை தாமாக மூடிக்கொண்டன. மனைவி கேட்டாள்: "எங்க போறீங்க?" லிஃப்டைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினார். மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவை அடைத்துத் தாழ்ப்பாள் போட்டார்.

அங்கே அவர் கேட்டார். மண்டியிட்டுக் கேட்டார், மகள் பேரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டார். அவளைக் குடும், என்னை எடுத்துக்கொள்ளும் என்று பேரம் பேசினார். குடுக்காவிட்டால் இனி உம் பேச்சே எடுக்கமாட்டேன் என்று மிரட்டினார். இரைச்சலில் தன் குரலே தனக்குக் கேட்காததால் இன்னும் கத்தினார். சின்ன வயதில் இப்படித்தான் தன் அம்மாவுக்காக ஒருமுறை கேட்டிருந்தார், கிடைக்கவில்லை. அன்று ஏமாந்த பையன் கேட்காமலே இருக்க ஒரு வேதாந்தத்தைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டான் என்பது அந்த எண்ணெய்த் தரையில் முழங்கால் வைத்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

இன்னொன்றும் உறைத்தது. உம்முடைய சித்தம் என்று ஆண்டவர் சொன்னது சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்தில் அவர் செய்த ஜெபத்தின் பிற்பாதி. வியர்வை சொட்ட, இந்தத் துன்பப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கேட்டதுதான் முற்பாதி. எத்தனை முறை படித்த பகுதி. முற்பாதியை வெட்டிவிட்டுப் பிற்பாதியை மட்டும் ஒரு தாயின் கையில் கொடுத்திருக்கிறோமே என்று நினைத்தபடியே கீழே இறங்கினார்.

மகள் பிழைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபின் மெக்கானிக் பின்னறைக்குப் போகாமல் உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொன்னார். மனசு தாங்காமல் தபால்காரம்மாவிடம் போனார். நடந்ததைச் சொல்லி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி நடக்க முடியவில்லை என்று குறைபட்டுக்கொண்டார்.

அந்தம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கேக்கக் கூடாதுன்னு நான் எப்போ சொன்னேன்? என் பேரனுக்குக் காய்ச்சல்னா நான் சாமி முன்னாடி போய் நின்னு சண்டையே போடுவேன். மூச்ச கவனிக்கிறது மனசு நிக்கறதுக்கு. வாய அடைக்கறதுக்கு இல்ல. என் தலையில எதையும் கட்டாதீங்க."

ஆக, பழிபோட அந்தப் பக்கமும் ஆள் இல்லை. ஆண்டவரும் சொல்லவில்லை, அந்தம்மாவும் சொல்லவில்லை. சொன்னது அவர்தான்.

அப்போதும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார். மனிதர் அப்படிப்பட்டவர்தான், பொய் சொல்வானேன். ஆனால் தையல்கார அக்கா ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். மகளுக்கென்று ஒரு கவுன் தைத்துக் கொண்டுவந்திருந்தார். உடம்பு இளைத்திருக்கும் என்று இடுப்பில் உள்மடிப்பு விட்டு, சதை போட்டதும் பிரித்துக்கொள்கிற மாதிரி தைத்திருந்தார். புறப்படும்போது வாசலில் நின்று, மெதுவான குரலில் சொன்னார்:

"தம்பி, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னே இருந்தேன். நீங்க நெசமாவே கையை விரிச்சு விட்டுட்டீங்க. அதான் திருப்பிக் குடுத்துட்டாரு. எனக்குத்தான் சரியா விடத் தெரியல. கையை விரிச்சு வச்சேனே தவிர, உள்ளுக்குள்ள எங்கயோ அவனப் பிடிச்சுக்கிட்டே இருந்திருக்கேன் போல. அதனாலதான் போயிட்டான்."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். கவுனைப் பிடித்தபடி நின்றவரிடம் மனைவி சொன்னாள்: "போய்ச் சொல்லிடுங்க. இதுக்கு மேலயும் அந்தப் பொம்பளைய இப்படி விட்டு வச்சா நல்லா இருக்காது." மோட்டார் ரூமில் நடந்தது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. முழங்காலில் எண்ணெய்க் கறையோடு வந்த கால்சட்டையைத் துவைத்தவள் அவள்தானே.

மறுநாள் மத்தியானம் தையல்கடைக்குப் போனார். அக்கா காலர்களாக வெட்டி அடுக்கியதை ஒவ்வொன்றாக மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லி, ஸ்டூலில் கிடந்த வெட்டுத்துணியை ஒதுக்கினார். மெக்கானிக் உட்காரவில்லை.

"அக்கா, நான் விடல" என்றார். "பாப்பாவுக்கு முடியாம இருந்தப்போ நான் கையை விரிக்கல. மேல மோட்டார் ரூம்ல கதவை அடைச்சுக்கிட்டு, அவ பேரச் சொல்லிக் கதறிக் கேட்டேன். உங்ககிட்ட எதெல்லாம் கூடாதுன்னு சொன்னேனோ அதெல்லாம் செஞ்சேன். நீங்க ஒண்ணும் தப்பா செய்யல. நான்தான் உங்களுக்குத் தப்பா சொல்லிட்டேன்."

மெஷின் நின்றது. அக்கா ஊசிக்கு அடியில் இருந்த காலரை எடுக்காமல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நானும் கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

மெக்கானிக் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"கேட்டா பொழைச்சிருப்பான்னு சொல்ல வரல தம்பி. எனக்கும் புத்தி இருக்கு. உங்க அம்மாவுக்கு நீங்க கேட்டுமே கெடைக்கலன்னு ஒருவாட்டி சொல்லியிருக்கீங்க. ஆனா அவன் அங்க மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கெடந்தப்போ, அவன் அம்மா அவனுக்காக ஒரு வார்த்தை பேசலியே. வெளிய உக்காந்து கையை விரிச்சு வச்சிக்கிட்டு இருந்தேனே." அக்காவின் குரல் உயரவில்லை. "போங்க தம்பி. எனக்கு வேலை கெடக்கு."

மன்னித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் அவர் போயிருந்தார். கேட்கிற தைரியம் வரவில்லை. கேட்பது ஒரு பிடி என்று போதித்தவர் கடைசியில் கேட்கத் தெரியாமல் தெருவில் இறங்கி நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னறைக்குப் போனார், இனி இதை நடத்தப்போவதில்லை என்று சொல்லிவிடலாம் என்று. வாயைத் திறப்பதற்குள் தையல்கார அக்கா உள்ளே வந்து, ஜன்னலோரம் தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். மெக்கானிக் பக்கம் திரும்பவில்லை. மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் மெக்கானிக்கும் மூடிக்கொண்டார்.

அந்த மௌனத்தில் அக்கா தன் மகனின் பெயரைச் சொன்னார். அந்த அறையில் அதுவரை யாரும் யாருடைய பெயரையும் சொன்னதில்லை. சிலர் கண்ணைத் திறந்து மாஸ்டரைப் பார்த்தார்கள், சட்டம் சொல்வார் என்று.

"ஆண்டவரே, என் புள்ளைக்கு மூச்சு முட்டாம பாத்துக்கும்" என்றார் அக்கா. "இருட்டுன்னா பயப்படுவான். வெளிச்சம் இருக்கற எடத்துல வையும்."

அடக்கத்தன்று வராத அழுகை அப்போது வந்தது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மெக்கானிக் நாற்காலியைவிட்டு இறங்கித் தரையில் மண்டியிட்டார். அக்கா சொன்ன அந்தப் பெயரை, அன்று அக்கா கேட்டபோது தான் சொல்ல மறுத்த அந்த ஒரே பெயரை, எல்லோருக்கும் கேட்கும்படி அவரும் சொன்னார்.