கச்சானுக்குத் திறந்த யன்னல்

கல்முனைக்குடியில் பாதிப் பெண்களின் சட்டை அளவு ஹுஸ்னியாவின் தலைக்குள் இருக்கிறது. நாடா பிடிக்காமல் ஆளைப் பார்த்தே வெட்டிவிடுவாள். புருஷன் றஸாக் பஸாரில் கலர் மீன் கடை வைத்திருந்தார். பிள்ளை கிடையாது. அதைச் சொல்லிச் சொல்லியே சிலர் வயிறு வளர்த்தார்கள், அது கிடக்கட்டும்.

ஏழு வருடத்துக்கு முன் றஸாக் ஒரு பொலித்தீன் பையில் இரண்டு அக்ஸலோட்டலை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. நான்கு கால், மீன் வால், கழுத்தைச் சுற்றி மூச்சுவிடுகிற சிவப்புக் குஞ்சம்.

"சீ! பல்லியா மீனா இது? எனக்கிட்டக் கொண்டு வராதீங்க!" என்று கட்டிலில் ஏறி நின்றாள் ஹுஸ்னியா.

"குளிர்நாட்டுச் சாமான் புள்ள. பதினெட்டுப் பாகைத் தண்ணி வேணும். இருவத்தி நாலத் தாண்டினா உசிருக்கு ஆபத்து" என்றார் அவர். எங்கள் ஊரில் குழாயைத் திறந்தாலே முப்பதில்தான் வருகிறது. மனிதன் விட்டாரா? தொட்டிக்குக் குளிரூட்டும் மிசின் பூட்டினார். பிரிட்ஜில் மீனுக்கு இடமில்லை, இவற்றுக்காகத் தண்ணீர்ப் போத்தல்கள் உறைந்து கிடந்தன. "ஐஸைத் தண்ணிக்குள்ள கொட்டிராத. போத்தலோட மிதக்க விடு. கடகடண்டு குளிர்ந்தாலும் செத்துப் போகும்" என்று படிப்பித்தார். பிறகு பிறகு அவளே மண்புழு வெட்டிக் கொடுக்கத் தொடங்கினாள்.

ஏப்ரலில் றஸாக் ஐந்து நாள் காய்ச்சலில் மௌத்தானார். வீடு நிறையச் சனம் இருந்த அந்தக் கிழமையில் யாரோ மிசினின் வயரைக் கழற்றித் தங்கள் போனைச் சார்ஜ் போட்டிருந்தார்கள். கறுப்பன் செத்து மிதந்தது. மிஞ்சியது வெள்ளையன் ஒன்றுதான்.

ஹுஸ்னியா இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். வெள்ளை உடுத்து, தெருப்பக்க யன்னலைப் பூட்டி, அதற்குமேல் கட்டித் துணியும் தொங்கவிட்டு, அந்த அறையில் அவளும் தொட்டியும்தான். அவர் கையால் தீனி வைத்த உயிர் வேறெதுவும் வீட்டில் இல்லை. இதுவும் போனால் றஸாக் முழுசாகப் போய்விடுவார் என்று அவளுக்குப் பட்டது. பட்டது என்ன, அப்படியே நம்பினாள்.

ஜூலையில் கச்சான் கிளம்பியது. மேற்கிலிருந்து வயல் எல்லாம் வறுத்துக்கொண்டு வரும் காற்று. அந்த நாளில் பார்த்துக் காலை எட்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. ட்ரான்ஸ்போமர் எரிந்ததாம், பின்னேரத்துக்கு முன் வராதாம். பதினொரு மணிக்குக் கடைசிப் போத்தலும் உருகியது. பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லும்போது தொட்டித் தண்ணீர் முப்பது. வெள்ளையன் மேலே வந்து சரிந்து மிதந்தது, குஞ்சங்கள் முன்பக்கம் சுருண்டிருந்தன. ஹுஸ்னியா பனையோலை விசிறியால் கை ஓயும்வரை வீசினாள். வியர்வைதான் கொட்டியது. தண்ணீர் அசையவில்லை, பாகையும் இறங்கவில்லை.

ஐஸ் தேடிப்போன தங்கை றினோஸா முகம் சிவந்து திரும்பி வந்தாள்.

"ஒரு துண்டும் இல்ல ராத்தா. ஐஸ் வாடியிலயும் கரண்ட் இல்ல. மீன் யாவாரிமாரே தலையில கைய வெச்சிட்டு நிக்காங்க. இந்தா, பளீல் காக்காட பானைத் தண்ணி. நீங்களாவது குடிங்க."

பளீல் எதிர்க்கடைக்காரர். போவோர் வருவோர் குடிக்கவென்று கடை வாசலில், தெரு நெடுகக் கச்சான் அடிக்கிற இடத்தில், ஈரச்சாக்குச் சுற்றிய மண்பானை வைத்திருப்பார். ஹுஸ்னியா போத்தலை வாங்கினாள். கை சில்லிட்டது. குடிக்கவில்லை, தெர்மாமீட்டரை உள்ளே விட்டாள். இருபத்தைந்து.

"அந்தப் பானைக்கு ஐஸ் போடுறாரா?"

"ஐஸ் எங்க? சாக்க நனைச்சிக் காத்துல வெச்சிரிக்காரு, அவ்வளவுதான்."

ஹுஸ்னியா பூட்டிய யன்னலைப் பார்த்தாள். அடக் கொடுமையே! நாளெல்லாம் எந்தக் காற்றை வெளியே விட்டுப் பூட்டிக்கொண்டு கிடந்தாளோ, அதே காற்றுத்தான் எதிர்க்கடைப் பானையைக் குளிர வைத்துக்கொண்டிருந்தது.

"குசினியில இரிக்கிற பானைய எடுத்துட்டு வா. கிணத்துத் தண்ணி ஊத்து. யன்னலத் திறக்கணும்."

"இத்தாவில இரிக்கீங்க ராத்தா! முன்னால ஆம்புளயள் இரிக்காங்க. ஊரு என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும்! புள்ள இல்லாதவளண்டு இருவது வருசம் கதைச்சாங்க, நான் செத்தா போயிட்டன்? நான் கதவு மூலையில முக்காட்டோட இரிக்கன். திறகா!"

றினோஸா திறந்தாள். காற்று அடுப்பு வாய் போலப் பாய்ந்தது. ஹுஸ்னியா தன் வெள்ளைத் துப்பட்டி ஒன்றை நனைத்துப் பானையைச் சுற்றி யன்னலடியில் வைத்தாள்.

எதிரே பளீல் நிமிர்ந்து பார்த்தார். திறந்த யன்னலையும் உள்ளே வெள்ளை உடுப்பையும் கண்டார். எழும்பி, தான் இருந்த வாங்கைத் தூக்கித் தெருவுக்கு முதுகு காட்டிப் போட்டார். "நீங்களும் இஞ்சால திரும்பி இரிங்கடா" என்று தேத்தண்ணி குடித்தவர்களையும் திருப்பினார். பின்னேர அஸர் தொழுகை வரைக்கும் ஒரு முகமும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஒரு மணித்தியாலத்தில் பானைத் தண்ணீர் இருபத்தெட்டு. துணி காயக் காய இருவரும் நனைத்தார்கள். இருபத்தேழு. ஹுஸ்னியா வெள்ளையனை ஒரு கிண்ணத்தில் எடுத்து, பானைத் தண்ணீரைச் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பிறகு பானைக்குள் விட்டாள். அது கல்லுப்போல அடியில் இறங்கியது. செத்துவிட்டது என்று றினோஸா வாயைப் பொத்தினாள். இருபத்தாறில் ஒரு குஞ்சம் அசைந்தது. பிறகு மற்றது. சுருண்டது மெல்லப் பின்னால் விரிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! ராத்தா, பாருங்க, கால அசைக்கிது!"

ஹுஸ்னியா சிரிக்கவில்லை. தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். மூன்று மாதமாக வராத அழுகை வந்தது.

"அவருக்கும் இப்பிடித்தான் கொதிச்சிது றினோஸா. குளிருது, குளிருது எண்டாரு. நான் இந்த யன்னலத்தான் பூட்டினன். ரெண்டு போர்வை போட்டன்."

"டொக்டர்தான் சொன்னாரே, டெங்குதான் காரணமெண்டு. யன்னலால ஒண்டும் இல்ல ராத்தா."

"தெரியும். நான் பூட்டினன், அதுவும் தெரியும்."

பானையைச் சுற்றிய துணி காயத் தொடங்கியிருந்தது. ஹுஸ்னியா கண்ணைத் துடைத்துவிட்டு, வாளியை இழுத்து, அதை மறுபடி நனைத்தாள்.