தோளில் மிஞ்சிய கை

போன மாதம் ஒரு காலை, இங்கே கனடாவில், வோபர்னில் எங்கள் தெருமுனைக் கோப்பிக் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் போன இராணுவச் சீருடைப் பொடியன் ஒருவன் கதவைப் பிடித்துக்கொண்டு, நான் முதலில் நுழையட்டும் என்று நின்றான். என் கை தானாகக் காற்சட்டைப் பைக்குள் போய் அடையாள அட்டை இருக்கும் பேர்ஸை வெளியே எடுத்துவிட்டது. தனக்குக் கோப்பி வாங்கித் தரத்தான் எடுக்கிறேன் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். மிகவும் நன்றி, வேண்டாம் என்று முகம் சிவந்தான். வரிசையில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி என்னைப் பார்த்துப் பெருமையோடு தலையசைத்தாள். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த நற்பெயர்களில் பாதி இப்படிப் பயத்தால் சம்பாதித்தவைதான்.

ஊரில் சீருடையைக் கண்டதும் அட்டையை நீட்டிப் பழகிய உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பேர்ஸுக்குள் இன்னொன்றும் இருக்கிறது, ஒரு பாதிப் படம். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நான் வேலை செய்யும் பிஸ்கட் தொழிற்சாலையில் எனக்கு எதிரே நின்று பெட்டி மடிப்பவர் கோஸ்தெல். ருமேனியாக்காரர், அறுபதை நெருங்கியவர், பிக்கரிங்கில் மகளோடு இருக்கிறார். மகன் ராது ருமேனிய இராணுவத்தில் லெப்டினன்ட். இடைவேளையில் கோஸ்தெலிடம் ஒரே பேச்சுத்தான்: ருமேனியாவை மேற்கு நாடுகளின் இராணுவக் கூட்டணியில் சேர்க்கப்போகிறார்கள், அதைச் சாதிக்கப்போவது எங்கள் இராணுவம். அரசியல்வாதிகளை எவன் நம்புவான், எங்கள் அதிகாரிகளைப் பார், ஆங்கிலம் படிக்கிறார்கள், மேற்கத்தியப் படைகளோடு பயிற்சி எடுக்கிறார்கள் என்பார். பொஸ்னியாவில் சண்டை ஓய்ந்ததும் பாலம் கட்டப் போன பிரிவில் ராதுவும் இருந்தான். பாலம் கட்டி முடிந்தது என்று அவனுடைய கடிதம் வந்த அன்று எங்கள் எல்லோருக்கும் கேக் வந்தது. நான் கேக்கைத் தின்றுகொண்டு யோசித்தேன். ஓர் ஆமி வேறு நாட்டுக்குப் போய்ப் பாலம் கட்டி, அதைக் காட்டித் தன் நாட்டுக்குக் கதவு திறப்பிக்குமா? எனக்குத் தெரிந்த ஆமி வந்தால் பாதை பூட்டப்படும், அவ்வளவுதான்.

நான் ஊரில் ஆங்கில ஆசிரியன் என்று தெரிந்ததும், ராதுவின் ஆங்கிலப் பரீட்சைக் கட்டுரைகளைத் தபாலில் எடுப்பித்து என்னிடம் திருத்தத் தந்தார் கோஸ்தெல். ‘என் நாடு ஏன் சேர வேண்டும்’ என்ற தலைப்பில் மட்டும் நாலு கட்டுரைகள். சிவப்புப் பேனையோடு உட்கார்ந்து ஓர் ஆமிக்காரனின் பிழைகளைத் திருத்தும்போது எனக்கே சிரிப்பு வரும். பையன் பரீட்சையில் சித்தியடைந்தான்.

அதே காலத்தில் என் மனைவி சாந்தியும் மகளும் வவுனியாவில் ஒரு முகாமில் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி, வன்னியில் இருந்து, வவுனியாவுக்கு வந்து அடைபட்டவர்கள். நான் இங்கே வந்து ஏழு வருடம். மகளை இரண்டு வயதில் விட்டுவிட்டு வந்தேன். எனக்கு இங்கே தங்குவதற்குப் பேப்பர் கிடைத்து, அவர்களை ஸ்பொன்சர் செய்து, கொழும்பில் விசா நேர்முகத்துக்கு மார்ச்சில் ஒரு திகதியும் வந்துவிட்டது. ஆனால் முகாமிலிருந்து கொழும்புக்குப் போக ஆமி பாஸ் கொடுக்க வேண்டும். பாஸ் இல்லாவிட்டால் திகதியும் இல்லை.

அந்த நத்தாருக்கு, கிறிஸ்மஸ் விடுமுறையில், ராது கனடா வந்திருந்தான். கோஸ்தெல் என்னைப் பிக்கரிங் வீட்டுக்குக் கூப்பிட்டார். சாப்பாடு முடிந்ததும் மகனைச் சீருடை அணியச் சொல்லி, எங்கள் இருவரையும் வாசலில் பனிக்குள் நிறுத்திப் படம் எடுத்தார். ராது என் தோளில் கை போட்டு, ஆசிரியரைக் கூப்பிடுவதுபோல் ‘சேர்’ என்று கூப்பிட்டான். ஏழு வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தச் சந்தோசத்தில் படத்தைக் கடிதத்துக்குள் வைத்து, நான் தனியே இல்லை என்று எழுதிச் சாந்திக்கு அனுப்பினேன்.

சீருடை போட்ட எவருடைய படத்தையும் வீட்டில் வைத்திருக்காத சனம் நாங்கள். சோதனைக்கு வருகிறார்கள் என்றதும் என்னுடைய பள்ளிக்கூடச் சாரணர் படத்தையே அடுப்பில் போட்டவன் நான். ஒரு நத்தார்ச் சாப்பாட்டோடு அதை மறந்துபோனேன். படித்த முட்டாள் என்று என்னை நானே எத்தனை தரம் திட்டியிருப்பேன்.

கடிதத்தை முகாம் வாசலில் ஆமி உடைத்தது. கடைக்குப் போகவிடும் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து சாந்தி கதைத்தாள்.

“உங்கட தோளில கை போட்டிருக்கிறவன் ஆர்?”

“என்னோட வேலை செய்யிறவற்றை மகன். ருமேனியா ஆமி.”

“வெளிநாட்டு ஆமியோட உன்ரை புருசனுக்கு என்ன வேலை, பயிற்சி எடுக்கிறாரோ எண்டு மூண்டு நாளாக் கேக்கினம். நான் என்னத்தைச் சொல்ல? எனக்கே தெரியாதே.”

பாஸை நிறுத்திவைத்துவிட்டார்கள். கோஸ்தெலிடம் சொன்னேன். அவருக்கு விளங்கவேயில்லை. அதிகாரியோடு நிற்கும் படம் நற்சான்றிதழ் அல்லவா என்றார். பிறகு, ராதுவைக் கொண்டு இராணுவ முத்திரையோடு ஒரு கடிதம் எழுதுவிப்போம், நீ நல்ல மனிதன் என்று அவன் உறுதி சொல்வான், ஒரு படை இன்னொரு படையின் சொல்லை மதிக்கும் என்றார். அந்தக் கடிதம் போயிருந்தால் சாந்தியை முகாமிலும் வைத்திருக்கமாட்டார்கள், சிறைக்குத்தான் கொண்டுபோவார்கள். வேண்டாம், வேண்டாம் என்று அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் கெஞ்சினேன். தன் மகனை அவமதித்ததாக நினைத்து இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

மார்ச் திகதி போய்விட்டது. அன்று முழுக்கப் பெட்டி மடித்தேன். விமானம் ஏறிப் போய்க் கூட்டிவரலாம்தானே என்று மேற்பார்வையாளர் கேட்டார். எங்கே போவது? நான் போனால் எனக்கும் பாஸ் வேண்டும்.

கோடையில் கூட்டணிக்குள் மூன்று நாடுகளை அழைத்தார்கள். ருமேனியா அதில் இல்லை. கோஸ்தெல் அன்றும் வேலைக்கு வந்து பெட்டி மடித்தார். இடைவேளையில் நான் தேநீர் வாங்கிக்கொண்டு போய் வைத்தேன்.

“இன்னும் என்ன கட்ட வேண்டும்?” என்று கேட்டார். “பாலம்கூடக் கட்டினோமே.”

எனக்கு உள்ளுக்குள் வந்த ஒரு கெட்ட சந்தோசத்தை மறைக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

இலையுதிர் காலத்தில் சாந்தியின் கடிதம் வந்தது. விசாரணை முடிந்து படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், இனிப் புதுத் திகதிக்கு எழுதுங்கோ என்றிருந்தாள். கடிதத்துக்குள் அந்தப் படம். ராதுவை நகவெட்டிக் கத்தரியால் வெட்டி எடுத்திருந்தாள். கைதான் அகப்படவில்லை. அதையும் வெட்டினால் என் தோளும் போய்விடும். ஐந்து விரலும் பச்சைச் சட்டையின் கைநுனியும் அப்படியே என் மேல் கிடந்தன.

பின்பக்கத்தில் எழுதியிருந்தாள்: “இதை இங்கை வைச்சிருக்கேலாது. எறியவும் மனமில்லை. நீங்களே வைச்சிருங்கோ.”

புதுத் திகதி இன்னும் வரவில்லை. வீட்டில் வைத்திருக்க முடியாதவனாகி, என் மனைவி என்னிடமே திருப்பி அனுப்பிய என்னை, அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு திரிகிறேன். கனடாப் பனிக்குள் நின்று சிரிக்கிறேன், யாரோ ஒருவனின் கை என் தோளைப் பிடித்தபடி இருக்கிறது.