கட்டை உங்க கையில, கம்பி என் கையில

அடுத்தவர் துப்பாக்கிக் குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்த்தே சோறு தின்ற ஆள் நான். தையல் மெஷினோ ரேடியோவோ, வீடு வீடாகப் போய் வேலை செய்த உங்களுக்கு என் கதை புரியும். பொருள் அவர்களுடையது, அழுக்கும் அவர்களுடையது, திட்டு மட்டும் நமக்கு. என் விஷயத்தில் திட்டு பெரும்பாலும் என் பக்கத்திலிருந்துதான் கிளம்பும். பிறவிக் கோபம், என்ன செய்ய.

எழுபதுகளில் இந்த மலாய் நாட்டு மலையில், ரிங்லெட்டிலிருந்து கியா பார்ம் வரை எனக்கு வாடிக்கை இருந்தது. குரங்கு விரட்ட, அணில் விரட்ட என்று லைசன்ஸ் வாங்கி வைத்திருந்த சின்ன ‘டூ டூ’ (.22) துப்பாக்கிகள். சுண்டுவிரல் நுழையாத குழாய். இந்த மலைப் பனியில் ஒரு வாரம் மூலையில் சாத்தி வைத்தால் போதும், உள்ளே துரு ஏறிவிடும். அதைச் சுத்தம் பண்ணுவதுதான் என் தொழில். நான் தேயிலை ஃபேக்டரியில் மெஷின் பிட்டருக்குக் கையாளாக இருந்து, வாய்த்துடுக்கால் வெளியே வந்தவன். ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்கார துரை ஒருவரிடம் பேரம் பேசி வாங்கிய நீளக் கம்பியும், அதன் முனையில் திருகும் பித்தளை பிரஷும்தான் என் முதல்.

கட்டையைப் பிடிங்க

என்னிடம் இருந்தது சிவப்பு ஐ.சி., அதாவது அடையாள அட்டை. இங்கேயே பிறந்தும் பிரஜை ஆகாதவன் என்று அர்த்தம். நீல ஐ.சி.க்கு மனுப் போட்டுக் காத்திருந்தேன். அந்த நேரத்தில் அடுத்தவர் துப்பாக்கியோடு போலீஸ் கண்ணில் பட்டால் மனுவும் போச்சு, வேலை பெர்மிட்டும் போச்சு. பெண்டாட்டி பிள்ளைகளோடு, நான் கண்ணால் பார்க்காத ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான். அதனால் நானே ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். துப்பாக்கி வீட்டு வாசலைத் தாண்டாது. சொந்தக்காரர்தான் தோட்டா இல்லையென்று திறந்து காட்ட வேண்டும், அவர்தான் போல்ட்டைக் கழற்ற வேண்டும், வேலை முடியும்வரை துப்பாக்கியின் பின்கட்டையை அவர்தான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் கம்பியை மட்டும் தள்ளுவேன், இழுப்பேன்.

ரிங்லெட் பக்கத்துத் தோட்டத்தில் சின்ன துரையாக, அதாவது உதவி மேனேஜராக, இருந்தவர் ஈப்போ தமிழர். முதல் நாளே பாதி வேலையில் உள்ளே டெலிபோன் அடித்தது. “துரை, நீங்க உள்ள போனா நான் வெளிய போறேன்” என்றேன். டெலிபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. வேலை முடிந்ததும் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டு சொன்னார்: “கூலியும் குடுத்து, உனக்குக் கையாளாவும் நிக்கிறேன். லைன் வீடுங்கள்ல யார்கிட்டயும் சொல்லிடாதேப்பா.”

குடைக்கம்பி

அதே தோட்டத்துப் பெரிய கிராணியிடமும் ஒரு டூ டூ இருந்தது. ஆபீசில் தலைமைக் கணக்கர், அவர் கையெழுத்துக்கு அத்தனை மதிப்பு. ஒரு தடவை நான் போவதற்குள் அவரே சுத்தம் பண்ணிப் பார்த்திருக்கிறார். பழைய குடையின் கம்பியைப் பிடுங்கி, துணி சுற்றி, குண்டு வெளியே வருகிற வாய் வழியாகக் குத்தியிருக்கிறார். துணி நடுக்குழாயில் சிக்கிக்கொண்டது. கம்பி மட்டும் கையோடு வந்துவிட்டது.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. குண்டு கடைசியாகத் தொடுகிற இடம் அந்த வாய் விளிம்பு. அங்கே ஒரு கீறல் விழுந்தால் குரங்கைப் பார்த்துச் சுட்டது கொய்யா மரத்தில் போய் நிற்கும். கம்பி எப்போதும் பின்பக்கமாக, தோட்டா போடுகிற வழியாகத்தான் போக வேண்டும். சிக்கிய துணியைத் தள்ளி வெளியேற்றும் வரை இதையே திருப்பித் திருப்பிச் சொல்லித் திட்டினேன். அவர் சம்சாரம் தேத்தண்ணியோடு வந்தவர், உள்ளே போகாமல் நின்று சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கிராணியால் கட்டையை விட்டுவிட்டு நகரவும் முடியவில்லை. கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்: “திட்டினது பரவால்ல தம்பி. அவள நிக்க வெச்சுக்கிட்டுத் திட்டினே பாரு, இனிமே இந்த வீட்டுல நான் எப்படிலா வாயத் தொறக்கிறது?”

வேலை இல்லாததற்குக் கூலி

பேரத்தில் என்னை ஜெயித்தவர் ஒரே ஒருவர், கியா பார்ம் பாக்கியம் அக்கா. அவர் வீட்டுக்காரர் சின்னையா பெயரில் லைசன்ஸ். சின்னையா பேசாமல் கட்டையைப் பிடிப்பார், அக்கா பிடிக்காமல் பேசுவார்.

ஒரு மாதம் போனபோது குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கச் சொல்லி உள்ளே பார்த்தேன். குண்டைச் சுழலவைக்கிற முறுக்கு வரியெல்லாம் மெழுகு பூசினமாதிரி மினுக்கென்று இருந்தது. இந்தச் சின்ன ஈயக் குண்டு குழாயைத் தின்னாது. தேவையில்லாமல் கம்பி போட்டுத் தேய்க்கிறவன்தான் தின்பான். எண்ணெய் தொட்ட துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று, அவ்வளவுதான். “இன்னிக்கு பிரஷ் வேலை இல்லக்கா, கூலியக் குடுங்க” என்றேன். சும்மா பார்த்ததுக்கா என்றார். டாக்டரும் சும்மாதானே பார்க்கிறார் என்றேன். டாக்டர் மருந்து குடுக்கிறார் என்றார். கெடுக்காமல் விட்டதுக்குக் கூலி என்று நான் குரலை உயர்த்த, அக்கா அதைவிட உயர்த்தினார். கடைசியில் பாதிக் கூலியும் ஒரு முட்டைக்கோசும். சைக்கிள் கூடையில் அவரே வைத்துவிட்டுச் சொன்னார்: “அடுத்த மாசமும் வேலை இல்லன்னு சொல்ல வருவீல்ல, அப்ப பெரிய கூடையா எடுத்துட்டு வா.”

லாரி நகர்ந்த அன்று

அந்தச் சின்னையா வீட்டு வாசலில்தான் என் தலைக்கு ஆபத்து வந்தது. அடைமழை விட்டிருந்த சமயம், குழாயில் நல்ல துரு. பிரஷ் பாதி வழியில் இறுகி நின்றது. அப்போது, முட்டைக்கோஸ் ஏற்றி நிறுத்தியிருந்த அவர் லாரி இறக்கத்தில் தானாக நகர ஆரம்பித்தது. “ஏங்க, லாரி போகுது” என்றார் அக்கா. சின்னையா கட்டையை என் நெஞ்சில் சாத்திவிட்டு ஓடினார். ஏறி பிரேக்கை மிதித்தும்விட்டார். மேலே வந்துகொண்டிருந்த போலீஸ் ஜீப்புக்கு ஒரு முழம் முன்னால் லாரி நின்றது.

நான் துப்பாக்கியைக் கீழே போட்டிருக்கலாம். போட்டால் கம்பி வளையும், உள்ளே கீறல் விழும். அந்த நினைப்பில் பிடித்தபடி நின்றுவிட்டேன். லாரிக்காகச் சண்டை போட இறங்கிய கார்ப்பரல் என்னைப் பார்த்தார். ஐ.சி.யைக் கேட்டார். அதன் நிறத்தைப் பார்த்ததும் “ஏறு” என்றார்.

ஸ்டேஷனில் சின்னையா தன் லைசன்சைக் காட்டிக் கெஞ்சினார். “துப்பாக்கி உன்னுது சரி, கையில வெச்சிருந்தது இவன்தானே” என்றார் இன்ஸ்பெக்டர். வயதான மலாய்க்காரர், நிதானமாகப் பேசுகிறவர். கோபம் தொண்டைவரை வந்தது. பெண்டாட்டி முகம் நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மத்தியானம் சின்ன துரையின் லேண்ட்ரோவர் வந்தது, உள்ளே கிராணியும். பாக்கியம் அக்கா அதே லாரியில் ஏறி ரிங்லெட் தோட்டத்து ஆபீசுக்கே போய்ச் சொல்லியிருக்கிறார். நான் யாரையும் கூப்பிடவில்லை, கூப்பிடுகிற மாதிரி யாரிடமும் நான் நடந்துகொண்டதும் இல்லை. துரை தன் மணிக்கட்டைக் காட்டி, மாதாமாதம் தான் கட்டை பிடித்து நின்ற கதையை வெட்கப்படாமல் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். லைனில்கூடச் சொல்லாதே என்ற மனிதர். இன்ஸ்பெக்டர் கிராணி பக்கம் திரும்பி, இவன் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டார். என்னிடம் அதிகமாகத் திட்டு வாங்கியவர் அவர்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கிராணி மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன் (துவான் என்றால் ஐயா): “ரொம்பக் கோபக்காரன் துவான், பெரியவங்க சின்னவங்க பார்க்க மாட்டான். ஆனா துப்பாக்கிய நாமளே கையில குடுத்தாலும் வாங்க மாட்டான், நம்மளத்தான் திட்டுவான்.”

இன்ஸ்பெக்டர் கேஸ் எழுதவில்லை, பின்னால் நீல ஐ.சி.யும் வந்தது. இத்தனை பேரிடம் இத்தனை சண்டை போட்டும் ஒருவர்கூட என்னை விட்டுக்கொடுக்கவில்லை என்பதைப் பார்த்தால், நன்றியோடு சொல்கிறேன், அப்போதே இன்னும் கொஞ்சம் கூலி கூட்டிக் கேட்டிருக்கலாம்.