பத்தாம் பீல்டுக்கு வந்த மெசேஜ்

அம்மாவின் போன் ஒரு பால் கவருக்குள் இருந்தது. கவரின் மேல் நார்த்தங்காய் ஊறுகாய் எண்ணெய்.

சாயங்காலம் சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்தபோது அதைத்தான் முதலில் பார்த்தேன். போனைத் துடைத்துத் திறந்தால் எங்கள் ஆப்பிலிருந்து ஒரு மெசேஜ்... “பத்தாம் பீல்டு அருகே யானை.” காலை பத்தே காலுக்கு வந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை.

“எந்த பீல்டும்மா இன்னைக்கு?”

“பத்துலதாண்ட்டி கொழுந்து எடுத்தோம். ஏன்?”

மெசேஜ் வந்த நேரத்தை இன்னொரு முறை பார்த்தேன்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. பிளஸ் ஒன்னைப் பாதியில் விட்டுவிட்டு தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டில் சும்மா இருந்தேன். சர்ச்சில் பழக்கமான ஜெனி அக்கா, சின்னக்கானலில் பேக்கரிக்கு மேலே இருந்த தன் சின்ன ஆபீசுக்கு டெஸ்டிங் வேலைக்குக் கூப்பிட்டார். யானை நிற்கும் இடத்தை வனத்துறை வாட்சர்கள் சொன்னால், அதை எஸ்டேட் ஆட்களின் போனுக்கு அனுப்பும் ஆப். ஜெனி அக்கா, பாலக்காட்டிலிருந்து வந்த அன்வர் அண்ணன், நான்... அவ்வளவுதான் டீம்.

தினமும் ஒன்பதரைக்கு மூன்று பேரும் நின்றுகொண்டே பேச வேண்டும். ஸ்டாண்டப் என்பார்கள். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், எது தடையாக இருக்கிறது? என் முறை வரும்போது “நேத்து செஞ்சதுதான்க்கா” என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்ப்பேன். அந்த ஒரே பதிலில் இரண்டு மாதம் ஓட்டிவிட்டேன்.

மறுநாள் காலை அன்வர் அண்ணன் ஜிலேபி வாங்கி வைத்திருந்தார்.

“பன்னெண்டு போனுக்கு அனுப்புனோம், பன்னெண்டுக்கும் போயிருச்சுங்க. இனி யானை நிக்கற எடத்தக் காட்டுற மேப் வேலைய ஆரம்பிச்சா மூணு மாசத்துல முடிச்சரலாம்.”

ஜிலேபி என் கையிலேயே பிசுபிசுத்தது. யானை யூக்கலிப்டஸ் காட்டுப் பக்கம் திரும்பிப் போனதால் அம்மா வீடு வந்து சேர்ந்தாள். அடுத்த முறையும் அது திரும்பிப் போக வேண்டுமே...

“அக்கா... அதை யாரும் பார்க்கலைக்கா.”

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நனைஞ்சிரும்னு போனை சாப்பாட்டுப் பையில போட்டு மரத்தடியில வச்சிருவாங்க. மத்தியானம் சாப்பிடத்தான் பை பக்கமே வருவாங்க. எங்க அம்மா நேத்து அந்த பீல்டுலதான் நின்னுச்சு.”

சொல்லிவிட்டு, திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன்.

அன்வர் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “ரெண்டு மாசமா வாயே தொறக்காத அம்முணி... தொறந்ததும் என்ற மூணு மாச பிளானை முழுங்கிருச்சுங்களே!”

“மேப்பெல்லாம் போட்டு முடிச்ச பெறகு தெரியாம இப்பவே தெரிஞ்சுச்சே, அதுக்கு சந்தோசப்படுங்க” என்றார் ஜெனி அக்கா. பிறகு என்னிடம், “ஏ புள்ள, பீல்டுல யார் கையில எப்பவும் போன் இருக்கும்?”

“கங்காணி மாமா சட்டைப் பையில. அவர்ட்ட விசிலும் இருக்கும்க்கா.”

“அப்ப மேப் கெடக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள அவருக்கு ஒரு போன் கால் போனா போதும். அவர் விசில் ஊதட்டும்.”

அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. முதல் நாள் சோதனைக்குப் போன் கால் போனது, மாமா கட் பண்ணிவிட்டார்.

“யாரோ லோன் தாரேன்னு கூப்பிடுதான்னு நெனச்சேன் தாயி!”

அவர் போனில் அந்த நம்பரை ‘யானை’ என்று நானே பதிந்து கொடுத்தேன். அடுத்த நாள் எடுத்தார். ஆனால் கம்ப்யூட்டர் குரல் சொன்னது அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “உங்க லயத்துப் புள்ளையே பேசட்டும்” என்றார் அன்வர் அண்ணன். ஜன்னலைச் சாத்தி, அவர்கள் இருவரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, ஆறு தடவை பேசிப் பதிவு செய்தேன். “மாமா, பத்தாம் பீல்டுல யானை. எல்லாரையும் ரோட்டுக்கு ஏத்துங்க.”

அந்த வாரம் எத்தனை தப்பு! ஆனால் எந்தத் தப்பும் ஒரு நாளுக்கு மேல் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை தப்பாகச் சொன்ன பதிலை வருடக் கடைசி வரை சொல்லிக் காட்டுவார்கள். இங்கே “சரி, நாளைக்கு மாத்திப் பார்ப்போம்” என்பதோடு முடிந்துவிடும். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எவ்வளவு மூச்சு வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

இப்போது எனக்குப் பத்தொன்பது. ஆப்பில் மேப் வந்துவிட்டது, டீமில் ஏழு பேர், ஸ்டாண்டப் கூட வீடியோ காலில்தான். பாதிப் பேர் கேமராவை ஆன் செய்வதில்லை. நானும்தான். அந்தச் சின்ன அறையில் மூன்று பேர் நின்ற காலைகள் சில நாள் ஞாபகத்துக்கு வரும்...

என் குரலைப் பதிவு செய்த அந்த வாரத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றுக்கு அம்மா கூப்பிட்டாள். பின்னால் ஒரே சத்தம், சிரிப்பு.

“ஏட்டி, எல்லாரும் ரோட்டுல நிக்கோம். யானை கீழ போறது இங்கேருந்து நல்லாத் தெரியுது. உன் குரலு கேட்டுச்சுன்னு கங்காணி சொல்லுதாரு!”

“எல்லாரும் வந்தாச்சாம்மா?”

“வந்தாச்சு, வந்தாச்சு. செல்வி சித்திதான் ஓடையில தண்ணி மொள்ளப் போயிருந்தா. விசில் கேக்கலையாம். நாங்க சேந்து சத்தம் போட்டோம், ஓடி வந்துட்டா.”

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முகம் கழுவினேன்.

மறுநாள் காலை, யானை மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது என்று வாட்சர் சொன்னதும், கங்காணி மாமாவை மேலே நின்று விசில் ஊதச் சொல்லிவிட்டு நான் ஓடைக்கு இறங்கினேன்.