ஆலா இல்லத்தின் குணங்கள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லம் என்றால் விளையாட்டு விழாவுக்குக் கட்டுகிற ரிப்பனின் நிறம், அவ்வளவுதான். நான் மஞ்சள். ஏன் மஞ்சள் என்று கேட்டால் டீச்சருக்கே தெரியாது. அதனால்தானோ என்னவோ, அக்கா சொன்ன பள்ளிக்கூடத்தின்மேல் எனக்கு அப்படியொரு பைத்தியம்.

அது மந்திரப் பள்ளிக்கூடம். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு எதிரே, முயல் தீவைத் தாண்டி, கடலுக்கடியில் இருந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. அக்கா நர்சிங் கடைசி வருடம். சாயங்காலம் மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வாள். அங்கே இல்லம் என்றால் குணம். சங்கு இல்லத்தார் பேசினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். எங்கள் அம்மா அந்த இல்லம். ஆமை இல்லத்தார் எத்தனை பேர் கூப்பிட்டாலும் சாவகாசமாகத்தான் தலையை நீட்டுவார்கள். சங்கு குளித்துக் குளித்துக் காது மந்தமாகி, கடலுக்குப் போவதையே விட்டிருந்த அப்பா அந்த இல்லம். அக்கா மட்டும் ஆலா இல்லம். துறைமுகத்தில் கப்பலைச் சுற்றி வட்டமிடுமே வெள்ளைப் பறவை, அதுதான் ஆலா.

எனக்கும் ஆலா இல்லம்தான் வேண்டும். அக்கா ஓரிடத்திலும் நான் வேறிடத்திலும் இருப்பது என்பது என் புத்திக்கு எட்டாத விஷயம்.

சேருவதுதான் லேசில்லை. அப்பாவிடம் வட்டமாக ஓட்டை போட்ட பலகை ஒன்று இருந்தது. எடுத்து வந்த சங்கை அதில் விட்டுப் பார்ப்பார்கள். ஓட்டை வழியாக விழுந்துவிட்டால் அது குஞ்சு. திரும்பக் கடலிலேயே போட்டுவிட வேண்டும். மந்திரப் பள்ளிக்கூடத்திலும் அதுதான் நுழைவுத் தேர்வாம். அக்கா பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையை மூடி உள்ளே விடச் சொன்னாள். என் கை வழுக்கிக்கொண்டு முழங்கை வரைக்கும் போனது.

"நீ இன்னும் குஞ்சுளா. கடலுக்குப் போ. வளந்த பொறவு பாப்போம்" என்றாள்.

நான் சும்மா இருப்பேனா? பக்கத்து வீட்டு வாதாமரத்தில் முசுறு எறும்புக் கூடு இருந்தது. அதற்குள் கையை விட்டேன். மறுநாள் கை பணியாரம் போல் உப்பி, மூடவே முடியவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு போய்ப் பலகையில் வைத்தேன். ஓட்டைக்குள் நுழையாமல் இடித்து நின்றது. அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு என்னை மடியில் போட்டுக்கொண்டு சுண்ணாம்பு தடவினாள்.

"வீங்குனதெல்லாம் வளந்தது ஆவாதுளா."

வளரும்வரை குணங்களையாவது படித்துவைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். அன்றிலிருந்து நாளுக்கொன்றாகச் சொன்னாள். ஆலா இல்லத்தார் போகிற இடத்துச் சோற்றைக் குறை சொல்ல மாட்டார்கள். தனியாகப் படுக்கப் பயப்பட மாட்டார்கள். பாஷை தெரியாத ஊரில் வாய் திறக்க வெட்கப்பட மாட்டார்கள். யார் திட்டினாலும் வேலை முடிந்த பிறகுதான் அழுவார்கள். கிளம்பும்போது திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சிலவற்றை இரண்டு தடவை சொல்வாள், பரீட்சைக்கு உருப்போடுவது போல. எனக்காகத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நானும் கூடவே உருப்போட்டேன். அம்மாவின் உப்பில்லாத உப்புமாவைக்கூட வாய் பேசாமல் விழுங்கினேன்.

இப்போது அக்கா வாரம் தவறாமல் போனில் முகம் காட்டுகிறாள். குவைத்தில் என்ன சமையல், என்ன வெயில் என்று எல்லாம் பேசுகிறோம். ஆனாலும் அந்த மாடியில், வெயில் வாசம் அடிக்கிற துணிக்குவியலில் சாய்ந்து அவள் கதை கேட்ட அந்தச் சாயங்காலங்களில் ஒன்றே ஒன்றை யாராவது திருப்பித் தந்தால் போதும் என்றிருக்கிறது. கேட்க ஆளில்லை, தரவும் ஆளில்லை.

படிப்பு முடிந்த வருடமே அவளுக்கு வேலை வந்தது. வெளிநாட்டு ஆஸ்பத்திரி என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். எனக்கு மட்டும் உண்மை தெரியும்: ஆலா இல்லத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். கிளம்பும் அன்று பலகையை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றேன். பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவள் பலகையை வாங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றாள்.

சென்னை ரயிலில் ஏறுமுன் எல்லோரையும் கட்டிப்பிடித்தாள். என்னைக் கொஞ்சம் அதிக நேரம். பிறகு விறுவிறுவென்று ஏறிப் போய் உட்கார்ந்தாள். ஜன்னலோரம்தான் இடம். அம்மா பிளாட்பாரத்தில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டாள். ரயில் நகர்ந்தது. அக்கா முகத்தை அந்தப் பக்கமாகவே வைத்திருந்தாள்.

"ஒரு பார்வை பாக்கலயே பாவி மவ" என்று அம்மா உடைந்துபோனாள். அப்பா ரயில் போன பிறகும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஸ்டேஷனில் அன்று பெருமையாக நின்றவள் நான் ஒருத்திதான். எங்கள் அக்கா எவ்வளவு கெட்டிக்காரி, ஒரு குணத்தையும் தவறவிடவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். வருத்தப்படாதே, என் கையும் வளர்ந்துகொண்டே இருக்கிறது, சீக்கிரமே நானும் அங்கே போய்விடுவேன் என்று தைரியம் சொன்னேன். அம்மா என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து இறுக்கினாள். வலித்தது. வீடு வந்து சேரும்வரை விடவே இல்லை. எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளந்து பார்க்கிறாள் போல என்று நினைத்து, நானும் விரல்களை நன்றாக மடக்கிப் பெரிதாகக் காட்டிக்கொண்டே வந்தேன்.